செலக்டிவ் அட்டென்ஷனுக்கு எதிர்ப்பக்கம்: "சிதறிய கவனம்" சரியா?

எல்லாருக்கும் வணக்கம்,

குழந்தைங்க எப்படி வகை பிரிக்கக் கத்துக்கறாங்கன்னு ஒரு கட்டுரை தமிழ்ல எழுதிட்டிருக்கேன், ஒரு சொல்லுல வண்டி நின்னுடுச்சு. பெரியவங்க ஒரு பொருளைப் பாக்கும்போது எது முக்கியமோ அதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடறாங்க, அது செலக்டிவ் அட்டென்ஷன், அதுக்கு "தேர்வுக் கவனம்"னு வெச்சிருக்கேன். 4 வயசுப் பசங்க அப்படி இல்லாம எல்லாத்துமேலயும் கவனம் வெக்கறாங்க, அதை டிஸ்ட்ரிப்யூட்டட் அட்டென்ஷன்ங்கறாங்க. "சிதறிய கவனம்"னு போட்டுடலாமா? கவனச்சிதறல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கற சொல், படிக்கறவங்களுக்கு உடனே புரியும்னு நினைக்கிறேன்.

———

தம்பிக்கு,

சிதறலை மட்டும் போட்டுடாதீங்க. கவனச்சிதறல்னாலே படிக்கறவர் மனசுல ஒரே அர்த்தந்தான் வரும், செய்யவேண்டியதை விட்டுட்டு புத்தி வேற எங்கயோ மேயப் போயிடுச்சுன்னு. அது டிஸ்ட்ராக்ஷன். ஆய்வுல வந்திருக்கறது கிட்டத்தட்ட அதுக்கு நேர்மாறு.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல பிளெபனெக்கும் ஸ்லூட்ஸ்கியும் 2017ல வெளியிட்ட சோதனைய எடுத்துக்குங்க. திரையில சிவப்புல ஒரு உருவம் பச்சையில ஒரு உருவம், ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சு இருக்கும், ஒரு கலரை மட்டும் பாருங்கன்னு முன்னாடியே சொல்லிடறாங்க, அப்புறம் மறைச்சுட்டு திரும்பக் காட்டி ஏதாவது மாறியிருக்கான்னு கேக்கறாங்க. பாக்கச்சொன்ன உருவம் மாறினப்போ பெரியவங்க 94 சதவீதம் பிடிச்சாங்க, 4-5 வயசுப் பசங்க 86. கண்டுக்க வேணாம்னு விட்ட உருவம் மாறினப்போ பசங்க 77, பெரியவங்க 63. சிதறிப்போன கவனமா இருந்தா சொன்ன வேலையிலயே கோட்டை விட்டிருக்கணுமே, 86 வாங்கின புள்ளைய அப்படிச் சொல்ல முடியாது. சொன்னதையும் பாத்திருக்கு, சொல்லாததையும் பாத்திருக்கு.

வகை கத்துக்கறதுலயும் இதேதான். டெங்கும் ஸ்லூட்ஸ்கியும் 2016ல எழுதினதுல கற்பனைப் பிராணி ரெண்டு குடும்பம் வரும், தலை உடம்பு கை கால் வால்னு பல உறுப்பு, அதுல ஒரே ஒரு அடையாளம் மட்டும் எப்பவும் வகையைத் தப்பாம சொல்லும், மத்ததெல்லாம் பெரும்பாலும் சரியா இருக்கும் சிலசமயம் காலை வாரிடும். பெரியவங்க அந்தத் தப்பாத அடையாளத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கறாங்க, அப்புறம் ஞாபகத்தைச் சோதிச்சா அதுதான் பளிச்னு இருக்கு, மத்தது மங்கல். 4 வயசுக்காரங்க மொத்தச் சாயலை வெச்சு வகை சொல்றாங்க, எல்லா உறுப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஞாபகத்துல நிக்குது.

தமிழ்லயே உதாரணம் வேணும்னா தொல்காப்பியம் மரபியலுக்குப் போங்க, "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப". காழ்னா தண்டுல இருக்கற கெட்டியான வைரப்பகுதி, அது வெளிப்பக்கம் இருந்தா புல், உள்பக்கம் இருந்தா மரம், அந்தக் கணக்குல தென்னையும் பனையும் புல் (இன்னைக்குத் தாவரவியலும் அதுகளை ஒருவித்திலைப் பக்கம் புல்லுக்குச் சொந்தமாத்தான் வெக்குது, அது தனிக் கதை). ஒத்தை அடையாளத்தால வகை பிரிக்கறதுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியலை. எந்தக் குழந்தைய கேட்டாலும் தென்னை மரந்தான், ஏன்னா அது உசரம் தண்டு மட்டை காய் எல்லாத்தையும் சேத்துப் பாக்குது, விதியைப் படிச்சவர்தான் காழ் எந்தப் பக்கம்னு மட்டும் தேடுவார்.

இப்போ சொல்லுக்கு வருவோம். "தேர்வுக் கவனம்"னா பாதிப்பேர் பரீட்சைக்குப் படிக்கறப்போ வர்ற கவனம்னு எடுத்துப்பாங்க, சிரிக்காதீங்க, நிஜமாவே நடக்கும். இலங்கைப் பக்கம் தெரிவுன்னு சொல்றாங்க, அதைப் பிடிச்சுக்கலாம், தெரிந்துதெளிதல்னு குறள் அதிகாரத் தலைப்பே இருக்கு, அங்க தெரிதல்னா ஆராய்ஞ்சு எடுக்கறதுதான். ஆக "தெரிகவனம்". டிஸ்ட்ரிப்யூட்டட் உடனே பகிர்ந்ததுன்னு கை போகும், போகவிடாதீங்க, ரெண்டு வேலைய ஒரே நேரத்துல செய்யற டிவைடட் அட்டென்ஷன் ஒண்ணு இருக்கு, அம்மாவும் குழந்தையும் ஒரே பொருளைச் சேர்ந்து பாக்கற ஜாயிண்ட் அட்டென்ஷன் ஒண்ணு இருக்கு, பகிர்ந்த கவனம்னு எழுதினா இந்த மூணுல எதுன்னு எழுதினவருக்கே ஒரு மாசம் கழிச்சுத் தெரியாது. நான் வெக்கறது: செலக்டிவுக்குத் தெரிகவனம், டிஸ்ட்ரிப்யூட்டடுக்குப் பரவுகவனம், டிவைடடுக்குப் பிரிகவனம், ஜாயிண்டுக்குக் கூட்டுக்கவனம். முதல் மூணும் வினைத்தொகை, ஒற்று மிகாது, "பரவுக்கவனம்"னு எழுதிடாதீங்க.

———

> டிஸ்ட்ரிப்யூட்டடுக்குப் பரவுகவனம்

அண்ணா, சொல் நல்லாத்தான் இருக்கு, ஆனா இதைக் குழந்தையோட குணம்னு முத்திரை குத்தறதுல எனக்குச் சம்மதம் இல்லை. 1996ல ஸெலாஸோவும் கூட இருந்தவங்களும் எழுதின சீட்டு பிரிக்கற சோதனைய மறந்துட்டீங்க. முதல்ல கலர்படி பிரிக்கச் சொல்லுவாங்க, குழந்தை பிரிக்கும், இப்போ வடிவப்படி பிரின்னு விதியை மாத்துவாங்க, 3 வயசுக் குழந்தை பழைய கலர்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும், புது விதி என்னன்னு கேட்டா வாயால சரியா சொல்லும் கை மட்டும் பழையபடி போடும். கவனம் எல்லாத்துமேலயும் பரவியிருக்குன்னா இது ஏன் நடக்குது? சின்னக் குழந்தை கவனம் பரவினதுன்னு சொல்றதைவிட இன்னும் கடிவாளம் போடாததுன்னு சொல்றது பொருத்தம், எது கண்ணை இழுக்குதோ அங்க போகும், எதுவும் தனியா இழுக்கலைன்னா எல்லாத்துமேலயும் நிக்கும். முன்மூளைப் புறணி வளர்ந்து முடிய இருபது வயசு தாண்டுது, கடிவாளம் அங்கதான் இருக்கு.

அப்புறம் பசங்களும் சீக்கிரமே தெரிஞ்சு பாக்கக் கத்துக்கறாங்க. லாண்டாவ், ஸ்மித், ஜோன்ஸ் 1988ல செஞ்சது ஞாபகம் இருக்கும், ஒரு புதுப் பொருளைக் காட்டி இது டாக்ஸ்னு பேர் வெச்சுட்டு வேற எது டாக்ஸ்னு கேட்டா, 3 வயசுக்காரங்க அளவு மாறினாலும் பொருளோட தன்மை மாறினாலும் அதே வடிவத்துல இருக்கறதைக் காட்டறாங்க. பேர் வெக்காம சும்மா இதுமாதிரி எதுன்னு கேட்டா இந்த அளவுக்கு வடிவத்தைப் பிடிக்கறதில்லை. 2002ல ஸ்மித் குழுவினர் 17 மாசக் குழந்தைகளுக்கு வடிவத்தால வகைப்படற பொருள்களோட பேரை 7 வாரம் சொல்லிக்குடுத்தாங்க, அந்தப் புள்ளைங்க சோதனைக்கு வெளியிலயும் பொருள்களோட பேரை வேகமா கத்துக்கிட்டாங்க. அப்போ எங்க பாக்கணும்ங்கறதையே மொழி சொல்லித்தருது. இதை ஷேப் பயஸ்ங்கறாங்க, "வடிவச் சார்பு"ன்னு எழுதினா கட்சி கட்டற மாதிரி இருக்கு, "வடிவச் சாய்வு" போதும்.

"கடிவாளக் கவனம்"னு சொல் கேக்கறேன்னு நினைக்காதீங்க. குழந்தைக்கு ஒண்ணு பெரியவருக்கு ஒண்ணுன்னு பிரிக்கிற மாதிரி கட்டுரை போகக்கூடாது, அவ்வளவுதான்.

———

அக்கா சொல்றது நியாயம். பரவுகவனம்ங்கறது கவனம் இருக்கற நிலைக்குப் பேர், ஆளுக்குப் பேர் இல்லை, அதனாலதான் ஒருத்தர் தனிமடல்ல அனுப்பின "மழலைக் கவனம்" எனக்குப் பிடிக்கலை. பெரியவங்களுக்கும் அது வருது. கெம்லர் நெல்சன் 1984ல காட்டினது அதைத்தான், வகையைக் கண்டுபிடின்னு சொல்லி உக்காரவெச்சா பெரியவங்க ஒத்தை அடையாளத்தைத் தேடறாங்க, வேற ஏதோ வேலை குடுத்து வகை போறபோக்குல மனசுல படியும்படி விட்டா மொத்தச் சாயலை வெச்சு வகை பிரிக்கறது கூடுது. கேள்வி எப்படிக் கேக்கறோமோ அப்படித்தான் கவனம் போகுது.

குழந்தைங்க மனசை ஆராயற உளவியலாளர் அலிசன் காப்னிக் சொல்ற உவமை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பெரியவங்க கவனம் ஒரு இடத்துல அடிக்கற ஸ்பாட்லைட்டு, குழந்தையோடது சுத்தி வெளிச்சம் விடற லாந்தர். இதை வெச்சு ஒருத்தர் "குவிகவனம், விரிகவனம்"னு கேட்டிருந்தார். காதுக்கு என்னுதைவிட நல்லா இருக்குன்னு ஒத்துக்கறேன், ஆனா குவி-விரின்னா இடம் சார்ந்தது ஆயிடுது, எவ்வளவு பரப்பைப் பாக்கறோம்னு. நம்ம விஷயத்துல பொருள் கண்ணுக்கு முன்னாடி முழுசா இருக்கு, அதோட வாலையும் சேத்து எடுத்துக்கறோமா கண்டுக்காம விடறோமாங்கறதுதான் கேள்வி. கேமராக்காரங்க குவி-விரியை வெச்சுக்கட்டும்.

இன்னொரு சொல்லும் வேணும், அதை யாரும் எழுப்பலை. லேர்ன்ட் இன்அட்டென்ஷன். ஒரு அடையாளம் உதவாதுன்னு ஒருதடவை கத்துக்கிட்டா அப்புறம் அதைக் கண்ணே தொடறதில்லை, பின்னாடி விதி மாறி அதுதான் முக்கியம்னு ஆனாலும் ரொம்பநேரம் எடுக்குது. ஹாஃப்மனும் ரீடரும் 2010ல கண் அசைவைப் பதிவு பண்ணிப் பெரியவங்ககிட்ட இதைக் காட்டினாங்க. பிளாங்கோவும் ஸ்லூட்ஸ்கியும் 2019ல 4 வயசுக்காரங்களையும் பெரியவங்களையும் ஒப்பிட்டப்போ இந்த நஷ்டம் பசங்களுக்குக் கம்மியா இருந்துச்சு, முதல்லயே எதையும் ஒதுக்கிவெக்கலை இல்லையா. "பாராமுகம்" அழகான சொல், ஆனா அது தெரிஞ்சவரைப் பாத்தும் பாக்காத மாதிரி போறது, வேணும்னே செய்யறது. இங்க வேணும்னே எதுவும் இல்லை, அதனால "கற்ற பாராமை". இன்அட்டென்ஷனல் பிளைண்ட்னஸ் வேற, அங்க முன்கூட்டிக் கத்துக்கிட்டது எதுவும் தேவையில்லை, அந்த நேரத்து வேலை கவனத்தை இழுத்துக்குது, கண்ணு முன்னாடி போறது தெரியறதில்லை. அதுக்குக் "கவனக் குருடு"ன்னு எழுதறதை நிறுத்தினா நல்லது, "கவனியாக் காணாமை"ன்னு வெக்கலாம், கொஞ்சம் நீளந்தான்.

———

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. தெரிகவனம், பரவுகவனம், கற்ற பாராமை, வடிவச் சாய்வு இந்த நாலையும் கட்டுரையில எடுத்துக்கறேன், முதல்தடவை வர்ற இடத்துல மட்டும் ஒருவரி விளக்கம் குடுத்துடறேன். தென்னை உதாரணமும் உள்ள போகுது.

தெரிகவனத்துல ஒரு சின்ன உறுத்தல். பேச்சுல "தெரி"ன்னா கண்ணுக்குத் தெரியறதுதான், அப்போ கண்ணுல பட்டதுமேல போற கவனம்னு யாராவது படிச்சா அர்த்தம் தலைகீழா ஆயிடும், அக்கா சொன்ன அந்தக் கண்ணை இழுக்கற கவனம்தான் அதுன்னு ஆயிடும். "தெரிவுகவனம்"னு ஒரு எழுத்து கூட்டினா வினைத்தொகை போயிடுது, ஒற்று போட்டுத் "தெரிவுக்கவனம்"னு எழுதணும். எனக்கு அது பரவாயில்லைன்னு தோணுது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா அப்படியே அச்சுக்குப் போகுது.