புதுப்பிப்பு: கறுப்புக் காலனிகள், மிச்சக் கதை

ஈறு மாதிரியிலிருந்து அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) வளரும் கறுப்புக் காலனிகளை, அதாவது கிருமிக் கூட்டங்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "கறுப்பாக இருந்தால் எல்லாம் ஒரே கிருமிதானே?" என்று சிலர் கேட்டார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1921-இல் ஆலிவர், வெர்ரி என்ற ஆய்வாளர்கள் அந்தக் கறுப்பை மெலனின் (தோலுக்கு நிறம் தரும் பொருள்) என்று நம்பி, கிருமிக்கு மெலனினோஜெனிகம் என்றே பெயர் வைத்தார்கள். உண்மையில் அந்தக் கறுப்பு, இரத்தத்திலிருந்து கிருமி எடுத்துக்கொண்ட ஹீம் என்ற இரும்புள்ள நிறமி. அதனால்தான் இரத்தம் சேர்த்த அகாரில் நிறம் ஏறுகிறது. சிவப்பணுக்களை உடைத்துச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

ஒரே கிருமி என்று நினைத்த அந்தக் கூட்டத்தைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தவர்கள் ஷா, காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள். சர்க்கரையைச் சீண்டாதவை 1988-இல் போர்ஃபிரோமோனாஸ் ஆயின. ஓரளவு நொதிக்கிற, பித்தத்தைத் தாங்காத கூட்டம் 1990-இல் பிரிவோட்டெல்லா ஆனது. அப்புறம் ஒரு சிக்கல்: பிரிவோட்டெல்லா பிவியா என்ற இனம் பொதுவாகக் கறுப்பதில்லை. ஆக, நிறத்தை வைத்துப் பேரினம் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு: கனாமைசின், வான்கோமைசின் என்ற இரண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சேர்த்த தட்டில் பிரிவோட்டெல்லா நன்றாக வளரும், போர்ஃபிரோமோனாஸ் பொதுவாக வான்கோமைசினிடம் தோற்றுவிடும். அந்தத் தட்டை மட்டும் பார்த்து "போர்ஃபிரோமோனாஸ் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். இளம் காலனியைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், கறுக்கும் முன்பே பல இனங்கள் செங்கல் சிவப்பாக ஒளிரும். ஈறு நோயின் பெரிய ஆளான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மட்டும் ஒளிராது. வேண்டுமென்றே ஒளிந்துகொள்கிறதோ என்னவோ!