குருதிப் படல வழுக்கிகள் இரவல் கிடைக்குமா?

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சாயமிட்ட குருதிப் படல வழுக்கிகள் (குருதியை மெல்லிதாகப் பரப்பிய கண்ணாடித் தகடுகள்) யாரிடமாவது இருந்தால் ஒரு வாரத்துக்கு இரவல் தந்து உதவுங்கள்.

குருதிக் கலங்களை அடையாளம் காண்பதில், செங்குழியத்தில் சிக்கல் இல்லை: கரு கிடையாது, விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர், நடுப்பகுதி வெளிறியிருக்கும். நடுநிலைநாடி (neutrophil) என்னும் வெண்குழியத்தின் சோணை சோணையாக (மடல்களாக) பிரிந்த கருவையும் பிள்ளைகள் உடனே கண்டுகொள்கிறார்கள். இடறுவதெல்லாம் ஒற்றைக்குழியம் (monocyte), பெரிய நிணநீர்க்குழியம் (lymphocyte) என்னும் வெண்குழியங்களில்தான். முன்னதன் கரு சிறுநீரகம்போல் வளைந்திருக்கும், குழியவுரு (கருவைச் சூழ்ந்த பகுதி) சாம்பல் கலந்த நீலம் என்று கரும்பலகையில் எழுதலாம். நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் அது மனதில் தங்காது. மூலநாடி (basophil) என்னும் வகையோ, வெண்குழியங்களில் நூற்றுக்கு ஒன்று கிடைப்பதே அரிது. அது தெரியும் வழுக்கி கிடைத்தால் பெரும் பேறு.

ஆய்வுகூடத்தில் பணிபுரிவோரே, ஒற்றைக்குழியத்தையும் பெரிய நிணநீர்க்குழியத்தையும் பிரித்தறிய முதலில் எதைப் பார்ப்பீர்கள்? கருவையா, குழியவுருவையா?