நம்ம தாமான் (குடியிருப்பு) குடும்பம் (சுங்கை சிப்புட், மலேசியா)

சுமதி: இன்று பாப்பாவுக்கு 18 மாத ஊசி போட கவர்மெண்ட் கிளினிக் போனோம். போன், டிவி எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டார். இந்த வயதுக்கு எவ்வளவு நேரம்தான் கணக்கு, தேவி அக்கா?

தேவி: உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். அதுவும் குறைந்தால் நல்லது. டிவியும் இதில் சேர்த்திதான்.

முனியாண்டி மாமா: என் மகன் சிங்கப்பூரில் இருந்து தினமும் வீடியோ காலில் பேரனோடு பேசுகிறான். அதையும் நிறுத்தணுமா?

தேவி: வேண்டாம் மாமா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016லேயே வீடியோ காலுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. பேரன் சிரித்தால் அப்பாவும் சிரிக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். கார்ட்டூன் அதைச் செய்யாது. இந்த வயதில் நேரில் ஒருவர் செய்துகாட்டினால் பிடித்துக்கொள்வதைப்போல வீடியோ பார்த்துப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதில்லை.

சுமதி: ஆனால் அத்தை போனைத் திருப்பி வாங்கினால் பாப்பா ஒரே அழுகை. பிடிவாதக்காரி.

கமலா அக்கா: பிடிவாதம் என்று சொல்லாதே சுமதி. ரப்பர் தோட்டத்தில் நமக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் பால் வெட்டப் போகும்போது அம்மா என்னை அங்கேதான் விட்டுப்போவார். வரிசையாகத் தொட்டில், ஓர் ஆயா, கூட விளையாட ஒரு கூட்டம் பிள்ளைகள். இப்போது உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நீ ஃபேக்டரியில், குமார் எண்ணெய் மில்லில். கேட் பூட்டியிருக்கிறது. அத்தை ஒருத்திதான் சமைக்கணும், துணி காயப்போடணும், பாப்பாவையும் பார்க்கணும். அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் பிள்ளையை யார் பிடிப்பது? கைக்கு ஆள் இல்லாத நேரத்தில்தான் போன் உள்ளே வருகிறது.

தேவி: அதேதான் அக்கா. அப்புறம், பெரியவர்கள் அதிகம் பார்க்கும் வீட்டில் பிள்ளையும் அதிகம் பார்க்கிறது. யாரும் பார்க்காமல் டிவி சும்மா ஓடினாலும் நாம் பிள்ளையிடம் பேசுவது குறைந்துவிடும். பேச்சு வருவதே நம் வாயைப் பார்த்துத்தானே.

சுமதி: எங்கள் வீட்டில் காலையிலிருந்து டிவி ஓடும். சத்தம் இல்லாவிட்டால் தனியாக இருப்பதுபோல் இருக்கிறது என்கிறார் அத்தை.

பார்வதி பாட்டி: ரேடியோவில் மின்னல் எஃப்எம் போடச் சொல்லும்மா. பாட்டும் கேட்கும், பிள்ளை கண்ணும் சும்மா இருக்கும்.

குமார்: நான் வேலை முடிந்து வரும்போது அவள் தூங்கும் நேரம். மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் போன் பார்ப்பதுதான் எங்களுக்குக் கிடைப்பது.

தேவி: மடி இருக்கட்டும் தம்பி, போனை மட்டும் எடுத்துவிடுங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைப்பது நல்லது. இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். வாசலில் நின்று பூனையைக் காட்டுங்கள், அன்று மில்லில் நடந்ததைச் சொல்லுங்கள். அவளுக்கு உங்கள் குரல் போதும்.

கமலா அக்கா: சுமதி, நாளையிலிருந்து அத்தை சமைக்கும் நேரத்தில் பாப்பாவை என்னிடம் விடச் சொல். என் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து இங்கேயே சாப்பிடட்டும்.

சுமதி: சரி அக்கா, அத்தையிடம் சொல்கிறேன். முட்டை மட்டும் கொடுக்காதீர்கள், உடம்பெல்லாம் தடித்துவிடும்.