மறு: சிக்னல் பூஸ்டர் – ‘அலைப்பாலம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கைபேசி அலை எட்டாத இடத்துக்கு அதைக் கொண்டுசேர்க்கும் ‘சிக்னல் பூஸ்டர்’ கருவிக்குத் தமிழில் ‘அலைப்பாலம்’ எனலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில் இது:

> ஒலிபெருக்கி, உருப்பெருக்கி வரிசையில் ‘அலைபெருக்கி’ என்றே வைத்துவிடலாம். ‘அலையூக்கி’யும் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை ஐயா.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் இந்தப் பூஸ்டரைப் பொருத்தியபோது கூடவே நின்று பார்த்தேன். அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் டவரே எடுக்காது. செல்பேசி நிறுவனத்து ஆட்கள் வந்து, பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா மாதிரி ஒன்றை மொட்டைமாடியில் டவர் இருக்கும் திசை பார்த்து நிறுத்தினார்கள். அங்கிருந்து கறுப்புக் கேபிள் இறங்கி ஒரு பெட்டிக்குள் போகிறது. பெட்டியிலிருந்து இன்னொரு கேபிள், அடித்தளக் கூரையில் கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும் வெள்ளை ஆன்டெனாவுக்கு. பெருக்குவது அந்தப் பெட்டி மட்டும்தான். அதற்குப் ‘பெருக்கி’ என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. அதையே முழு அமைப்புக்கும் வைத்தால் பெட்டியை என்னவென்று அழைப்பது?

அப்புறம், ஒலிபெருக்கி ஒருவழி. இதில் டவரின் அலை கீழே வருகிறது, நம் பேச்சும் இதே வழியில் மேலே போகிறது. அதனால்தான் பாலம் என்கிறேன். இரண்டு கரையும் இருந்தால்தான் பாலம்; மாடியிலேயே அலை இல்லையென்றால் இந்தக் கருவியால் ஒன்றும் ஆகாது. ‘ஊக்கி’ என்றால் வாங்கி மாட்டினால் போதும் என்று தோன்றிவிடும். இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் இதை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் எச்சரித்திருக்கிறது. கண்டபடி மாட்டிய கருவி டவரையே குழப்பி, அக்கம்பக்கத்தார் பேச்சையும் கெடுக்கும்.

பெட்டி 60 டெசிபெல் (பெருக்கத்தை அளக்கும் அலகு) பெருக்குகிறது என்றால் அலையின் திறன் பத்து லட்சம் மடங்காகிறது, அந்தப் பெருக்கத்தைப் பெயரில் சொல்லாமல் விடலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவ்வளவு பெருக்குவதே அலையை இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சேர்க்கத்தானே? கணினி வலையமைப்பிலும் ‘பாலம்’ (bridge) என்று ஒரு கருவி உண்டு என்பது உண்மை. முதல்முறை ‘கைபேசி அலைப்பாலம்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் வராது.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. மேல்மாடி லிப்ட் பக்கத்திலும் ஒரு கிண்ணத்தை மாட்டினார்கள். மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு அது மிக அருகில். உடனே பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே பரப்பிய அலையை மேலே இருப்பது மறுபடி வாங்கிப் பெட்டிக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. கோயில் விழாவில் ஸ்பீக்கருக்கு எதிரே மைக் போனால் ‘வீ’ என்று கத்துமே, அதேதான். ஆங்கிலத்தில் இதை feedback என்பார்கள்; அதற்கான ‘பின்னூட்டம்’ இப்போது வாசகர் கருத்து என்றே ஆகிவிட்டது. எங்கள் ஊர் மைக்செட்காரர் இதைக் ‘கூவுது’ என்பார். ‘கூவல்’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆன்டெனாக்களுக்குத்தான் இன்னும் சரியாக அமையவில்லை. இரண்டுமே வாங்கவும் செய்கின்றன, அனுப்பவும் செய்கின்றன. ‘அலைவாங்கி’ பாதிதான் பொருந்துகிறது. ‘வெளிக்கரை ஆன்டெனா’, ‘உள்கரை ஆன்டெனா’ என்றால் பொருத்துகிறவருக்குப் புரியுமா? களத்தில் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்