ஒட்டுப்போர்வையைக் களிமண்ணில் செய்தவர்கள்: எது சரியாக வந்தது, எது விரிசல் விட்டது?

ஈரமண்:
பொதுச் சூளையைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஒரு களிமண் தகடுதான். பாட்டியின் பழஞ்சேலைப் போர்வையைப் பார்த்துக் கட்டம் கட்டமாக யாரோ செய்தது. நடுவில் குரோம் பச்சை, சுற்றிலும் வெள்ளை. சுட்டபின் வெள்ளை முழுக்க இளஞ்சிவப்பு. பச்சைக்கு ஒட்டினாற்போல அழுத்தமாக, தள்ளிப் போகப் போக மங்கலாக. பக்கத்திலிருந்த வேறொருவர் கிண்ணத்திலும் ஒரு கன்னம் சிவந்திருந்தது! வெள்ளைக் கிளேஸில் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சில்) வெள்ளீய ஆக்சைடு இருந்தால் இப்படி ஆகும். குரோம் சூட்டில் ஆவியாகி வெள்ளீயத்தில் போய்ப் படியும், மிகக் கொஞ்சமே போதும். வெள்ளைக்குச் சிர்கோனியம் போட்ட கிளேஸ் எடுங்கள். பச்சையின் மேல் போகும் கிளேஸில் துத்தநாகமும் வேண்டாம், பழுப்படித்துவிடும்.

ஜூரோங் மண்வெட்டி:
நிறம் மாறினால் அதுவும் ஓர் அழகு என்று விடலாம். மூட்டு விட்டால் என்ன செய்வது? நான் பார்த்த தகட்டில் கறுப்பும் வெள்ளையும் சேருமிடத்தில் மட்டும் நேர்கோடாகப் பிளந்திருந்தது, மற்ற மூட்டெல்லாம் அப்படியே. கறுப்பு ஸ்டெயினில் (மண்ணோடு கலக்கும் நிறத்தூளில்) கோபால்ட், மாங்கனீஸ் இருக்கும். அது மண்ணைக் கூடுதலாக இளக்கிக் கூடுதலாகச் சுருக்கும். அதனால் கலரைக் கண்ணளவில் போடாதீர்கள். கணக்கு காய்ந்த மண் எடைக்குத்தான்: 1 கிலோ பாக்கெட் மண்ணில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், ஆக 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஸ்டெயின். ஒவ்வொரு கலரிலும் ஒரு பட்டை உருட்டி, 10 செ.மீ. கோடு கீறி, சுட்டு அளந்து பாருங்கள். கோடுகளின் நீளம் 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் அந்த இரண்டு கலரையும் பக்கத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது.

நூலோட்டம்:
அண்ணே, ஸ்டெயின் மேல் பழி போடுவதற்கு முன்னால் காயவைத்த இடத்தைக் கேட்டிருக்கணும். நம்ம சிங்கப்பூர் ஈரக்காற்றில் மண் மெதுவாகக் காய்வதால் விரிசல் விடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். மெதுவாகக் காய்வது நல்லதுதான். கெடுப்பது ஏர்கான். குளிர்காற்று படும் பக்கம் ஒரே இரவில் வெளுத்துவிடும், மறுபக்கம் இன்னும் பாதி காய்ந்த தோல் பதத்திலேயே இருக்கும், இழுபறியில் மூட்டு விடும். துண்டுகளெல்லாம் ஒரே ஈரத்தில் இருக்கும்போது வெட்டுங்கள். விளிம்பை ரம்பத் தகட்டால் கீறி, அதே மண்ணை நீரில் கரைத்த ஸ்லிப்பைத் தடவி, பக்கவாட்டில் அழுத்திச் சேருங்கள். பிறகு முன்னும் பின்னும் ரப்பர் தகட்டால் எல்லாத் திசையிலும் தேய்க்கணும். பின்பக்கத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அடியிலும் மேலிலும் ஜிப்சம் போர்டு, நடுவில் செய்தித்தாள், தினமும் ஒரு திருப்பு. போர்டின் வெட்டு விளிம்பை டேப் ஒட்டி மூடுங்கள், ஜிப்சம் தூள் மண்ணில் சேர்ந்தால் சுட்டபின் பொரிந்து தெறிக்கும். தகட்டின் ஓரம் முந்திக் காயாமல் இருக்க, ஓரத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் பட்டை.

பிஸ்கில் (கிளேஸ் பூசும் முன் சுடும் முதல் சூட்டில்) 90 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு 600 டிகிரி வரை மணிக்கு 100க்கு மேல் ஏற்றவேண்டாம்: 573இல் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளைத் தட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் கொஞ்சம் அலுமினா தூவினால் தகடு தாராளமாக நகரும்.

தேக்கா தையல்:
எல்லோரும் விரிசலையே பேசுகிறீர்கள், தையலை யாரும் பேசவில்லை. என்னை உறுத்துவது, அழகாக ஒட்டிய தகட்டில் ஊசியால் கீறிய தையல். ஓடு மேல் பேனாக் கோடு மாதிரி இருந்தது. போர்வையில் நூல் ஓடும் இடம் பள்ளம், நடுவே துணி உப்பும். அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தகட்டின் மேல் விரித்து, மொட்டையான முனையால் அதன் மேலேயே அழுத்துங்கள். ஓரம் கூர்மையில்லாமல் உருண்டு வரும். நூலுக்குத் தையல்காரர் பேட்டர்ன் எடுக்கும் பற்சக்கரத்தை அந்தப் பள்ளத்தில் ஓட்டி, அண்டர்கிளேஸ் (கிளேஸுக்கு அடியில் போகும் நிறம்) நிரப்பி, காய்ந்ததும் மேலாகச் சுரண்டினால் நூல் மட்டும் நிற்கும். மேலே தெளிந்த கிளேஸ், மெல்லியதாக. கெட்டியாகப் போட்டால் பள்ளம் மூடி எல்லாம் சமதளம்.

ஈரமண்:
துணியையே ஸ்லிப்பில் முக்கிச் சுடலாமா?

தேக்கா தையல்:
பருத்தி எரிந்து போகும், மண் ஓடு நிற்கும், ஆனால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், புகை மோசம். போலிச் சரிகையில் செம்புக் கம்பி இருக்கும், அது பச்சையும் கறுப்புமாகத் திட்டு விடும். வீட்டில் இருக்கும் ஒரே போர்வையைத் தொடாதீர்கள், இழைக்குள் மண் போனால் துவைத்தாலும் முழுக்கப் போகாது. தாளை விரித்து மெழுகுக் கட்டியால் தேய்த்துப் பதிவெடுத்தால் போதும்.

ஜூரோங் மண்வெட்டி:
லோரோங் தாவாஸில் 1940இல் கட்டிய தௌ குவாங் டிராகன் சூளையில் (நீளமான சரிவுச் சூளை) விறகுத் தீயில் சுட ஆசைப்படுபவர்களுக்கு: சாம்பல் படிந்து மெல்லிய கலர் வேறுபாடெல்லாம் மறையும். அங்கே கலரை நம்பாமல் ஆழமான தையலை நம்புங்கள்.

பிடோக் சுவர்:
1942இல் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்த பெண்கள் தைத்த போர்வைகள் மாதிரி 66 கட்டம் வைத்து ஒன்று செய்யப்போகிறேன் என்று ஒருவர் கிளம்பியிருக்கிறார். எடையை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சுட்டபின் ஒவ்வொரு கட்டமும் 15 செ.மீ. வேண்டும், மண் 12 சதவீதம் சுருங்கும் என்றால் ஈரத்தில் 17 செ.மீ. வெட்டணும். 8 மி.மீ. தகடு 7 ஆகும். அந்த 66 கட்டமே 23 கிலோ வரும், 12 மி.மீ. ப்ளைவுட்டோடு 34 கிலோவை நெருங்கும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கான்கிரீட் சுவரா, உள் தடுப்புச் சுவரா என்று தட்டிப் பார்த்துவிட்டு ஆணியை யோசியுங்கள். தடுப்புச் சுவர் என்றால் நாலு பலகையாகப் பிரித்து மாட்டுவதுதான் வழி.