450 ரிமோட் ஹெலி: கைரோ கெயின் கூட்டினால் வால் ஆட்டம், குறைத்தால் பிடிப்பு இல்லை

பெல்ட் டெயில் (வால் ரோட்டரைச் சுழற்றுவது பெல்ட்), மெயின் ரோட்டர் கடிகாரச் சுற்று. ஹெட்டிங் ஹோல்டில் (மூக்கின் திசையைக் கைரோவே பிடித்து வைக்கும் மோட்) கெயினை, அதாவது கைரோ திருத்தும் வலிமையை, கூட்டினால் வால் படபடக்கிறது. ஆட்டம் நிற்கும்வரை குறைத்தால், காலெக்டிவ்வை (மெயின் பிளேடுகளின் கோணத்தை) சட்டென்று ஏற்றும்போது மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது.

கைரோ திருத்தும் திசை சரி. ரேட் மோடில் (திசையைப் பிடிக்காமல் திரும்பும் வேகத்தை மட்டும் அடக்கும் மோட்) சர்வோ ஆர்ம் 90 டிகிரி, டிரிம் இல்லாமலே ஹோவரில் வால் கிட்டத்தட்ட நிற்கிறது. பெல்ட் தளர்வில்லை.

சர்வோவிலிருந்து வரும் லிங்க்கைக் கழற்றி, வால் பிளேடுகளின் கோணத்தை (பிட்ச்) மாற்றும் ஸ்லைடரை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. ஆனால் இந்தச் சோதனையை முழுசாக நம்ப முடியாது: சுற்றும்போது மையவிலக்கு விசையில் வால் பிளேடைப் பிடிக்கும் கிரிப்பின் த்ரஸ்ட் பேரிங் (பிளேடு வெளியே இழுக்கும் விசையைத் தாங்குவது) இறுகினால் கையில் தெரியாது. கிரீஸ் வற்றினாலும், பேரிங்கின் பெரிய துளை வளையம் ஹப் (நடு) பக்கம் இல்லாமல் மாறிப் போனாலும் இப்படி ஆகும்.

சர்வோ ஆர்மில் லிங்க் மாட்டும் பந்தை ஒரு துளை உள்ளே நகர்த்தலாம். ஆட்டம் அடங்கும், ஆனால் வால் பிட்ச் மாறும் வேகமும் வீச்சும் குறையுமே? முதலில் பேரிங்கா, துளையா, ஹெட்ஸ்பீடை (மெயின் ரோட்டர் சுற்றும் வேகத்தை) கூட்டிப் பார்ப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.