1968 மகேந்திரா எஃப்.சி 150 பிக்கப்: பழைய பெட்ரோல் என்ஜினையே தேடுவதா, டீசல் இறக்குவதா?

தோப்புக்காரி (முத்துப்பேட்டை பக்கம்)

வணக்கம். எங்கள் வீட்டில் 1968 மாடல் மகேந்திரா எஃப்.சி 150 ஒன்று நிற்கிறது. மூக்கு இல்லாத ஜீப் பிக்கப், என்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பெட்டிக்குள் இருக்குமே, அதுதான். அப்பா ஒரு ரைஸ் மில்காரரிடம் வாங்கியது. நெல், உரம், தேங்காய் எல்லாம் இதில்தான் போய்வந்தன. நான் வண்டி ஓட்டப் பழகியதும் இதில்தான். கிளட்ச்சை முழுசாக மிதிக்க சீட்டின் நுனிக்கு வரவேண்டும், அவ்வளவு கனம்.

கஜா புயலுக்கு முன்பே ஓட்டம் நின்றுவிட்டது. 2018 நவம்பரில் கொட்டகை மேலே சாய்ந்தும் கேபின் கூரை கொஞ்சம் நசுங்கியதோடு தப்பித்தது. சேஸில் துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது, தட்டிப் பார்த்தாயிற்று. கியர் எல்லாம் சரியாக விழுகிறது, ஃபோர் வீல் கம்பியும் வேலை செய்கிறது. பிரச்சினை என்ஜின் ஒன்றுதான்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. கடைமடையில் வேறு என்ன கிடைக்கும்? அதையே வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியதில் பிளாக்கின் வெல்ஷ் பிளக் (தண்ணீர் அறையின் ஓட்டைகளை மூடும் தகடு) எல்லாம் பொத்தல். உள்ளே தண்ணீர் ஓடும் அறையில் துரு அடை அடையாக நிற்கிறது. மூன்றாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் போர் (பிஸ்டன் ஓடும் துளை) வரைக்கும் ஒரு விரிசல். பிரித்துப் பார்த்த மெக்கானிக், "இந்த பிளாக்குல இனிமே காசு போடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொல்லும் வழி: எம்.எம் 540 ஜீப்பின் பியூஜோ டீசல் என்ஜினை கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸோடு (முன் பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) செட்டாக இறக்குவது. கூலி, லேத் வேலை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார். சித்தப்பா மகனோ இதில் இருக்கும் அதே ஹரிகேன் பெட்ரோல் என்ஜினை சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் தேடலாம் என்கிறான். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரியே படுகிறது.

வண்டி கல்யாண ஊர்வலத்துக்கு விட இல்லை. தோப்பிலிருந்து களத்துக்கும், எப்போதாவது திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வரைக்கும் தேங்காய் ஏற்றிப் போகவேண்டும். டயர் 7.00-16. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, "வித்துட்டு டாடா ஏஸ் வாங்குங்க" என்று யாரும் எழுதவேண்டாம். ஏஸ் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

அக்கா, டீசலே போடுங்கள். என்னிடம் இருப்பது எஃப்.சி இல்லை, சாதா பெட்ரோல் ஜீப். அதில் எம்.எம் 540 செட்தான் இறக்கினேன். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கிறது, டீசல் வாசனை பிடித்த எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஹரிகேனுக்கு ஒரு கேஸ்கெட் வேண்டுமென்றாலே நாலு பேருக்கு போன் போடவேண்டும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். நம் பழைய ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரம், ரப்பர் குழாய் எல்லாம் அதற்காகச் செய்தவை இல்லை, ஊறி, கழன்று கார்ப்ரேட்டருக்குள் போய் அடைக்கும்.

மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியது: டாங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் லைன் போடுவாரா, ஹீட்டர் பிளக்குக்கு ரிலேயும் தடித்த வயரும் தருவாரா. பியூஜோவுக்கு ஹீட்டர் பிளக் இல்லாமல் மார்கழிக் காலையில் பேட்டரிதான் தீரும். பிரேக்குக்கு பூஸ்டர் வைக்கிற எண்ணம் இருந்தால், டீசலில் இன்டேக்கிலிருந்து வேக்குவம் கிடைக்காது. ஆல்டர்நேட்டரோடு சேர்ந்து வரும் வேக்குவம் பம்ப்பாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பழைய பட்டறை (கும்பகோணம்)

தங்கச்சி, நான் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டேன், இப்போது வாய் மட்டும்தான் வேலை செய்கிறது. எஃப்.சி 150 நிறைய பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். மகேந்திரா 1965-இல் இதை ஆரம்பித்தபோது மில்காரர்களும் மண்டிக்காரர்களும்தான் இந்தப் பக்கம் அதிகம் வாங்கினார்கள். சின்ன வண்டி, 81 அங்குல வீல்பேஸ், முக்கால் டன் ஏற்றும், வாய்க்கால் கரையில் திரும்பும்.

தஞ்சாவூர் தம்பி சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அவர் செய்தது ஜீப்பில். ஜீப்பில் பானெட்டைக் கழற்றினால் மேலே வானம், செயின் பிளாக்கை மாட்டி இறக்கிக்கொண்டே இருக்கலாம். எஃப்.சியில் என்ஜின் முன் ஆக்சிலுக்கு மேலே, கேபினுக்குள்ளே. உயரம் இரண்டு அங்குலம் கூடினால் பெட்டி மூடாது. சம்ப் (அடி ஆயில் தொட்டி) கீழே கொஞ்சம் இறங்கினால் முன் டிஃபரன்ஷியல் குதிக்கும்போது இடிக்கும். பம்ப் இருக்கும் பக்கம் அகலம் கூடினால் டிரைவர் காலை எங்கே வைப்பார்? அதனால் செட்டை வாங்குவதற்கு முன், அது வெளியே இருக்கும்போதே அளவெடுத்து அட்டையில் ஒரு டம்மி செய்து கேபினுக்குள் வைத்துப் பார்க்கவேண்டும். "அதெல்லாம் உக்காரும்மா" என்கிறவரிடம் வண்டியை விடாதே.

அப்புறம் சத்தமும் சூடும். பெட்ரோல் என்ஜினே அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு சித்திரையில் முழங்காலை வேகவைக்கும். டீசலின் சத்தம் உன் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். பெட்டியின் உள்புறம் கிளாஸ் வுல்லும் அலுமினியத் தகடும் அடிக்காமல் ஓட்ட முடியாது.

அடுத்தது கியர் பாக்ஸ். உன் வண்டியில் இருப்பது டி 90, மூன்று கியர். எம்.எம் 540-இல் வருவது கே.எம்.டி 90, நாலு கியர், நீளமும் கூட. வீல்பேஸ் அப்படியே இருக்கும்போது பாக்ஸ் நீண்டால் பின்பக்க ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்கவேண்டும். ஏற்கெனவே குட்டை ஷாஃப்ட், அதையும் குறைத்தால் ஜாயின்ட் கோணம் செங்குத்தாகும். சுமை ஏற்றாத வண்டியில் ஸ்பிரிங் தூக்கி நிற்கும்போது கிராஸ் ஜாயின்ட் கடகடக்கும். வெட்டி வெல்டிங் அடித்த ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்யாமல் மாட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங் போகும்.

இப்போது சக்தி விஷயம். டீசல் என்றால் பலம் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஹரிகேன் 2.2 லிட்டர், காகிதத்தில் 75 குதிரைத்திறன். பியூஜோ எக்ஸ்.டி.பி 4.90 என்பது 2112 சிசி, 62 குதிரைத்திறன். பழைய அமெரிக்கக் கணக்கு கொஞ்சம் தாராளமாகப் போட்டது, அதைக் கழித்தாலும் உனக்குப் பலம் கூடப் போவதில்லை. கூடுவது மைலேஜ். அது மாதம் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. தினம் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி என்றால் நானே டீசல் என்பேன். தோப்புக்கும் களத்துக்கும் நடுவில் ஓடுகிற வண்டிக்கு ஒன்றரை லட்சத்தை டீசல் மிச்சத்தில் எடுக்க எத்தனை காலம் ஆகும், நீயே கணக்குப் போடு.

கடைசியாகக் காகிதம். ஆர்.சியில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியில் டீசல் வைத்தால் ஆர்.டி.ஓவின் முன் அனுமதி வேண்டும், எரிபொருளையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சியில் திருத்தவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சியில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு அலுவலகங்களில் இறுக்கிப் பிடிக்கிறார்கள். திருத்தாமல் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என்ஜின் எண்ணைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, சேஸ், பாடி, என்ஜின் மாறாமல் அசலாக இருக்கவேண்டும். 'வி.ஏ' என்ற எழுத்தோடு எண் தருவார்கள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அந்த எண்ணோடு சுமை ஏற்றிச் சம்பாதிக்க முடியாது, அதனால் இன்றைக்கு உனக்கு அது வேண்டாம். நாளைக்கு உன் பிள்ளைகளுக்கு வேண்டுமென்று தோன்றினால்? டீசல் இறக்கிய அன்றே அந்தக் கதவு மூடிவிடும். என் ஓட்டு ஹரிகேனுக்கு.

மண்வெட்டி (நன்னிலம்)

ஏன் இவ்வளவு யோசனை? பி 275 டிராக்டர் என்ஜினைத் தூக்கி வைத்தால் முடிந்தது. மகேந்திராவே அந்த என்ஜினை ஜீப்பில் போட்டு விற்றதுதானே. எங்கள் தெருவில் ஆளே இல்லாமல் ஒன்று கிடக்கிறது.

பழைய பட்டறை (கும்பகோணம்)

மண்வெட்டி தம்பி, மகேந்திரா போட்டது அந்தக் குடும்பத்து 2350 சிசி என்ஜினை, ஜீப்புக்கென்று மாற்றி. டிராக்டரில் கிடப்பதன் ஃப்ளைவீல் ஹவுசிங் வேறு, சம்ப் வேறு, பம்ப் கவர்னர் வேறு. கனமும் அதிகம், பாவம், எஃப்.சியின் முன் ஸ்பிரிங் பட்டை அழுதுவிடும்.

அதற்கு மேல் வேகக் கணக்கு. எஃப்.சி 150-இன் ஆக்சிலில் கிரவுன் சக்கரத்தில் 43 பல், அதைச் சுற்றும் பினியனில் 8, அதாவது ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 7.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.4 மீட்டர் போகும். டாப் கியர் நேரடி. என்ஜின் 2,500 சுற்றில் ஓடினால் வண்டி மணிக்கு 67 கிலோமீட்டர், அவ்வளவுதான். நிதானமாகச் சுற்றும் டிராக்டர் என்ஜின் அந்த 2,500-க்கே மூச்சு வாங்கும். 4,000 சுற்று போகிற ஹரிகேனுக்காகப் போட்ட கிரவுன் அது. தங்கச்சிக்கு 67 போதும்தான், ஆனால் பட்டுக்கோட்டை ரோட்டில் பின்னால் வரும் பஸ்காரருக்குப் போதாது.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

பட்டறை அண்ணே, காகித விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். என் ஜீப்புக்கு ஆர்.சியில் டீசல் ஏற்ற அலைந்தது எனக்குத்தான் தெரியும். ஆனால் நல்ல ஹரிகேன் பிளாக் இனி எங்கே இருக்கிறது? வருகிறதெல்லாம் ஏற்கெனவே சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு போர் போட்டு சுவர் மெலிந்தவை. அதில் பணத்தைக் கொட்டி மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் இதே கதைதான்.

தோப்புக்காரி (முத்துப்பேட்டை பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் சொன்னபடி கணக்குப் போட்டேன். தோப்புக்கும் களத்துக்கும் நடை, மாதம் இரண்டு முறை மன்னார்குடி, எல்லாம் சேர்த்தும் மாதம் 250 கிலோமீட்டரைத் தாண்டாது. மழை மாதத்தில் அதுவும் இல்லை. இதற்கு டீசல் மிச்சம் பார்ப்பது வேலைக்கு ஆகாது. பெட்டிக்குள் அட்டை வைத்தும் பார்த்தேன். மெக்கானிக் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அளவுக்கு உயரம் இடிக்கிறது. பெட்டியை வெட்டி உயர்த்திக்கொள்ளலாம் என்கிறார். அப்பா காதில் விழுந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆக ஹரிகேன்தான் தேடுகிறேன். ஓரளவு தேறும் என்று ஒரு என்ஜின் பற்றித் தகவல் வந்திருக்கிறது, பழைய ஜீப்பில் இருந்து எடுத்தது. சித்தப்பா மகன் நேரில் போகிறான். அவன் என்ன பார்க்கவேண்டும்? அவனுக்கு என்ஜின் பற்றித் தெரிந்ததெல்லாம் யூடியூப்.

பழைய பட்டறை (கும்பகோணம்)

அப்பா செய்தது சரி.

பையனிடம் சொல். முதலில் கையால் சுற்றிப் பார்க்கட்டும். பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலில் சுற்றினால் ஒரே சீராக வரவேண்டும், எங்காவது பிடித்து விட்டால் வேண்டாம். ஹெட்டைத் தூக்க விடாதவரிடம் வாங்கவே கூடாது. ஹரிகேனில் இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். விரிசல் விடுவது எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் போருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய இடம், உன்னுடையது போனதும் அங்கேதான். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிப் பார்த்தால் கோடு ஈரமாகத் தெரியும். நாலு சிலிண்டரையும் பார்க்கட்டும்.

பிஸ்டன் தலையில் எண் அடித்திருக்கும். ஸ்டாண்டர்ட் போர் 3.125 அங்குலம், சுமார் 79.4 மில்லிமீட்டர். பிஸ்டனில் 40 என்று இருந்தால் (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிதாகக் கடைந்தது) கடைசிப் படிக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் ஸ்லீவ் போடவேண்டும். 10, 20 என்றால் தைரியமாக எடுக்கலாம். தஞ்சாவூர் தம்பியின் பயத்துக்கு இதுதான் பதில். வாங்கிய பிறகு லேத்தில் கொடுத்து பிளாக்கைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கச் சொல், வெல்ஷ் பிளக் எல்லாம் புதுசு, பித்தளையில் கிடைத்தால் நல்லது. உன் பழைய கிராங்க், ஃப்ளைவீல், மானிஃபோல்ட் எதையும் எடைக்குப் போட்டுவிடாதே.

என்ஜின் எண் தெளிவாக இருக்கிறதா என்று போட்டோ எடுக்கட்டும். விற்பவரிடம் பில், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்ற ஆர்.சி நகல், இரண்டும் வேண்டும். எண் சுரண்டியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதே. அதே ரக என்ஜின்தான் என்றாலும் எண் மாறுகிறது, அதனால் மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓவில் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக் கொடுத்துவிடு. மாட்டிய 14 நாளுக்குள் ஆர்.சியைக் கொண்டுபோய்க் காட்டித் திருத்தவேண்டும்.

ஃப்யூயல் குழாயை எத்தனாலுக்குத் தாங்கும் வைட்டான் ரகமாகப் போடு, பம்ப் டயாஃப்ரமும் அதற்கேற்றது கேட்டு வாங்கு. கார்ப்ரேட்டர் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிது வைத்தால் சுமையில் இழுக்கும்போது திணறாது. ரேடியேட்டருக்கு பேட்டரி கடை டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும், ஒரு கேன் எப்போதும் வண்டியிலேயே கிடக்கட்டும். வழியில் கொதித்தால் பக்கத்து வீட்டில் குடம் கேட்கக் கூடாது.

பையன் எப்போது போகிறான்? புதுப்பேட்டை என்றால் ஞாயிறு வேண்டாம். ஹெட் திறந்ததும் வீடியோ எடுத்து இங்கேயே போடச் சொல், பணம் கொடுக்கும் முன்.